கிளிப் கழற்றல்: ஒரு சிற்றாய்வு

குழந்தைக்கு முதல் பல் வெளியே தெரிந்ததும் யாழ்ப்பாணத்தில் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசைபோலக் குத்தி, பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, தலைக்குமேல் துணி பிடித்து அதன்மேல் கொட்டுவார்கள். எங்கள் சத்தியமங்கலம் பக்கத்தில் பால்பல் விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவோம். பல் முளைப்பதற்கும் விழுவதற்கும் இப்படி முறை வைத்திருக்கிறோம். ஆனால் வளர்ந்த ஒருவர் இரண்டு வருடம் வாயில் கம்பியோடு நடமாடிவிட்டு, அதைக் கழற்றிக்கொண்டு வீடு திரும்பும் நாளுக்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. சடங்கு இல்லை, பலகாரம் இல்லை, பெயர்கூட இல்லை. அந்த நாளையும் அதற்குப் பின்வரும் நாட்களையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு அது 44ஆம் வயதில், மைசூரில், விஜயதசமி கழிந்த வியாழக்கிழமை நடந்தது. கிளிப் போட்டு 26 மாதம் ஆகியிருந்தது. 12 வயதில் போட்டிருக்க வேண்டியது. 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர். பல்லை நகர்த்துகிற டாக்டர் என்று ஒருவர் உண்டு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்று அம்மா சொன்னாள். அவளுக்குக் கையில் இருந்த மருந்து அந்த வார்த்தைதான், அதைத் தாராளமாகவே கொடுத்தாள். இருந்தாலும் 30 வருடம், சிரிக்கும்போதெல்லாம் என் கை தானாக வாய்க்குப் போனது.

முதலில் பெயர். மருத்துவப் புத்தகத் தமிழில் ‘பல் சீரமைப்புக் கம்பி’. வீட்டில், பள்ளியில், பஸ்ஸில் எல்லாம் ‘கிளிப்’. “அவளுக்குக் கிளிப் போட்டிருக்கு” என்றால் தலையிலா பல்லிலா என்று யாரும் கேட்பதில்லை, பேச்சிலேயே விளங்கிவிடும். மைசூரிலும் இதே சொல்தான். நான் கழற்றிய மறுநாள் காய்கறிக் கடையம்மா கேட்டது, “கிளிப் தெகெஸிதிரா அக்கா?” தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. பழங்கன்னடத்தில் அதுவும் பகரத்தோடுதான் இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாற்றத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாகியது; பால் ஹாலு ஆனதும் புலி ஹுலி ஆனதும் அப்படித்தான். பகரம் பிறக்க இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். ஹகரத்துக்கு வேண்டியதில்லை. கிளிப் போட்ட முதல் வாரம், உதட்டின் உள்பக்கம் புண்ணாகி, உதட்டைக் கூட்டவே கண்ணில் நீர் வந்த நாட்களில், ‘பல்’ என்பதைவிட ‘ஹல்லு’ என்பது எனக்கு எளிதாக இருந்தது. ஒலி வரலாற்றைப் பாடமாகப் படித்திருக்கிறேன்; உதட்டில் உணர்ந்தது அப்போதுதான்.

பல்லின் கோணலைச் சொல்ல நம்மிடம் சொல் நிறைய. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தெற்றுப்பல். முன்னால் நீட்டினால் எத்துப்பல், சில ஊரில் தூக்குப்பல். பக்கத்தில் கூராக ஏறி நின்றால் சிங்கப்பல். நேரான பல்லுக்கு அவ்வளவு சொல் இல்லை. சங்கப் புலவர்கள் எயிறு என்று பாடியபோது முள்ளின் கூர்மையையும் முல்லை அரும்பின் வெண்மையையும் விரும்பிச் சொன்னார்கள். அந்த அரும்பு உவமையை நான் மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் வைத்துத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். மைசூர் மல்லிகை கட்டுபவரின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றால் தெரியும்: தனி அரும்புக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. நார் ஒவ்வொரு காம்பையும் வளைத்துப் பிடித்திருப்பதால் வருவது அந்த வரிசை. கட்டி முடித்த உடனே நாரை உருவினால் பூ பூவாகத்தான் உதிரும். பல்லில் கம்பியைக் கழற்றும் நாள் நாரை உருவும் நாள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஆயுர்வேத மரபில் பற்கள் கோணிப் போவதற்குக் ‘கராளம்’ என்று பெயர். வாயுவின் வேலை, மெல்ல மெல்ல வரும், தீராது என்று கைவிட்டுவிட்டார்கள். மெல்ல மெல்ல என்பது சரியான கவனிப்பு. பிரான்சில் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறை வந்துவிட்டது. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899இல் கோணல்களை வகைப்படுத்தினார். கம்பியைத் தாங்கப் பல்லின்மேல் பொருத்தும் சிறு துண்டான பிராக்கெட்டில் 1920களில் அவர் வகுத்த பள்ளம் 0.022 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அளவிலான பள்ளம்தான் நூறு வருடம் கழித்து என் பல்லிலும் இருந்தது. மைசூரில் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. ஃபரூக்கியா கல்லூரியும் சேர்ந்து நகரில் இப்போது இரண்டு. அவற்றில் படித்து வெளியே வந்தவர்கள் தெருவுக்குத் தெரு கிளினிக் வைத்திருக்கிறார்கள். என் டாக்டருக்கு என்னைவிடப் 12 வயது குறைவு. எங்கள் ஊரில் எனக்குக் கிடைக்காத டாக்டர் அன்றைக்குப் பாலர் பள்ளிக்கே போகத் தொடங்கியிருக்கமாட்டார்.

கழற்றுவதைப் பற்றிப் பேசுமுன் ஒட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம்போல உலோக வளையம் மாட்டி, அதன்மேல்தான் கம்பியைக் கட்டினார்கள். 1955இல் அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர், பற்சிப்பியின்மேல் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் வைத்து எடுத்தால் அங்கே நுண்ணிய சொரசொரப்பு உண்டாகிப் பசை பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். பெயின்ட் அடிக்குமுன் உலோகத்தை அமிலத்தால் பதப்படுத்தும் தொழிற்சாலை வழக்கத்திலிருந்து வந்த யோசனை அது. அதிலிருந்து பத்து வருடத்துக்குள் பிராக்கெட்டை நேரே பல்லில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் இந்தப் பசைக்கு ஒரு விசித்திரமான வரையறை உண்டு. இட்லியிலிருந்து சப்பாத்திவரை இரண்டு வருடம் மெல்வதைத் தாங்க வேண்டும். தேவையான அன்றைக்கு, பல்லை உரிக்காமல் விட்டுவிடவும் வேண்டும். 1975இல் ரெனால்ட்ஸ் என்பவர் இதற்குப் போதுமான பிடிப்பு 6 முதல் 8 மெகாபாஸ்கல் என்று கணக்குச் சொன்னார். இன்றும் அந்த எண்ணைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். உலகத்தில் மற்ற எல்லாப் பசையையும் எவ்வளவு கெட்டி என்று பார்த்து வாங்குகிறோம். எவ்வளவுக்கு மேல் கெட்டியாக இருக்கக்கூடாது என்று பார்த்துச் செய்த பசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். கிளினிக்கின் கருவி அலமாரிக் கதவில் ஆயுத பூஜை அன்று வைத்த சந்தனப் பொட்டும் வாடிய செவ்வந்திச் சரமும் இன்னும் இருந்தன. தசரா ஊரில் அதைப் பத்து நாள் யாரும் எடுப்பதில்லை. டாக்டர் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார். எதற்கு என்றேன். “மேலே பீங்கான் மேடம், சிலது நொறுங்கும்” என்றார். எனக்கு மேல் வரிசையில் பல் நிறத்துப் பீங்கான் பிராக்கெட் 10, கீழே உலோகம் 10, கடைவாயில் வளையம் 4. வயது வந்தவர்கள் பெரும்பாலும் மேலே பீங்கான் கேட்பார்கள். ஆபீசில் தெரியக்கூடாது என்பதற்காக. அந்த ஆசையை நம் சமையல் ஒரு வேளையில் தோற்கடித்துவிடும். கம்பியைப் பிடித்திருக்கும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் முதல் சாம்பாரிலேயே மஞ்சளாகிவிடும். கிளிப் தெரியாமல் இருக்கவென்று போட்டவர் வாயில் பத்து மஞ்சள் கண்ணிகள் தெரியும். மாதம் ஒருமுறை புது வளையம் மாற்றும் நாளில் தயிர்சாதம் சாப்பிட்டு ஒரு நாளாவது வெண்மையைக் காப்பாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் செய்தேன், 26 தடவை.

கீழ் வரிசையில் தொடங்கினார். பஞ்சுச் சுருளைக் கடிக்கச் சொல்லிவிட்டு, குறட்டின் இரண்டு அலகுக்கும் நடுவே பிராக்கெட்டை வைத்து மெல்ல நசுக்குகிறார். இழுப்பதில்லை. உலோக அடி சற்றே வளைகிறது, வளைந்ததும் பசை விட்டுவிடுகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம், காதில் கேட்பது பாதி, தாடை எலும்பில் கேட்பது பாதி. வலி என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து யாரோ பல்லைத் தட்டிக் கூப்பிட்டதுபோல. மேலே பீங்கான் வளையாது. அதனால் இரண்டு, மூன்று உடைந்து துண்டு துண்டாக வந்தன. எல்லாம் பத்து நிமிடம். அதன்பின் அரை மணி நேரம் மிச்சப் பசையைச் சுரண்டும் வேலை. டங்ஸ்டன் கார்பைடு முனையை மெதுவாகச் சுழலவிட்டு, பல்லைத் தொடாமல் பசையை மட்டும் உரசுவது. இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான். காற்றை ஊதி உலர்த்தி, மங்கலாகத் தெரிவது பசை, மின்னுவது பல் என்று பிரித்துப் பார்க்கிறார். கழற்றும் நாளில் திறமை தேவைப்படுவது குறட்டுக்கு அல்ல, இந்த அரை மணிக்கு. இதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் கடைசி நாளில்தான் இதைப் பார்க்க முடிகிறது.

பிறகு நாக்கு. கண்ணாடியில் பார்க்குமுன்பே நாக்கு போய்த் தொட்டுவிடும். பல் வழுவழுவென்று, எண்ணெய் தடவிய கூழாங்கல்போல, கொஞ்சம் பெரிதாகக்கூட இருக்கும். மேலுதட்டுக்குத் தாங்க ஒன்றும் இல்லாமல் தளர்ந்ததுபோல ஓர் உணர்வு. அன்று முழுவதும் நாக்கு ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். மாமனார் நஞ்சன்கூடு பல்பொடிதான் தேய்ப்பார். 1913இல் பி.வி. பண்டித் நஞ்சன்கூட்டில் தொடங்கிய சத்வைத்யசாலையின் பொடி. மைசூரிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர். கிளிப் இருந்தவரை விரலால் தேய்க்க முடியாது, விரல் கிழியும். அன்றைக்கு மாமனாரின் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஆள்காட்டி விரலால் தேய்த்தேன். ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்வரை விரல் எங்கும் தடுக்காமல் போய் வந்தது. சிறு வயதில் தேய்த்தபோது இரண்டாம் பல்லில் ஏறி இறங்கும். அந்த ஏற்றமும் இல்லை. மென்மையான பிரஷ் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பொடியை அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

வயது வந்தவர்களுக்கென்று ஒரு தனிச் செய்தி உண்டு. முன்கூட்டியே சொன்னால் நல்லது, பல பேருக்குச் சொல்லப்படுவதில்லை. நெருக்கியடித்து நின்ற பற்களை நேராக்கியதும், இரண்டு முன்பல்லுக்கு நடுவே ஈறின் பக்கம் ஒரு சிறு கறுப்பு முக்கோணம் தெரியலாம். பல் கோணலாக இருந்த காலத்தில் ஒன்றை ஒன்று மூடியிருந்த இடம் அது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கிளிப் போட்ட பெரியவர்களில் 38 சதவீதம் பேருக்கு இது இருந்தது. காரணத்தை 1992லேயே டார்னோ என்பவர் அளந்து வைத்திருந்தார். இரு பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளியிலிருந்து எலும்புவரை 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறு இடைவெளியை ஏறக்குறைய எப்போதும் நிரப்பிவிடும். 6 ஆனால் 56 சதவீதம்தான். 7 ஆனால் 27. வயதாக ஆக எலும்பு இறங்கும், ஒரு மில்லிமீட்டர் போதும். எனக்குக் கீழ் வரிசையில் ஒன்று இருக்கிறது. முதல் நாள் பார்த்தபோது அழுகை வந்தது. பல்லின் பக்கத்தைச் சற்றுத் தேய்த்துத் தொடும் புள்ளியைக் கீழே கொண்டுவரலாம் என்று டாக்டர் சொன்னார். செய்துகொள்ளவில்லை. 44 வருட எலும்பு அதன் வயதைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி நாரை உருவிய மாலைக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

முதல் மாதங்களில் வாயில் கட்டுகிற மெல்லிய கம்பி நிக்கலும் டைட்டேனியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்த கலவை அது. 1970களில் பல்லுக்கு வந்தது. அதை எப்படி வளைத்துக் கட்டினாலும், தன் பழைய வளைவுக்குத் திரும்பவே பார்க்கும். திரும்பும்போது பல்லையும் கூடவே கூட்டிப்போகிறது. பல் எலும்பில் நேராக ஊன்றியிருப்பதில்லை. நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நார்களால் ஆன ஒரு படுக்கை உண்டு. பல் அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது, விலகும் பக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆக, வாயில் இரண்டு நினைவுகள். கம்பிக்குத் தன் வளைவின் நினைவு. ஈறின் நார்களுக்குப் பல் முன்பு நின்ற இடத்தின் நினைவு. கம்பி இருக்கும்வரை கம்பியின் நினைவு ஜெயிக்கும். கழற்றிய நிமிடத்திலிருந்து ஈறின் முறை.

அந்த நினைவு எவ்வளவு நாள் நிற்கும்? நார்வேக்காரரான கோரே ரைட்டான் 1959இல் நாய்களின் பற்களைத் திருப்பி, பிடித்து நிறுத்தி, திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார். எலும்பை ஒட்டிய நார்கள் சில மாதத்தில் புது ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டுவிட்டன. ஈறின் மேல்பகுதி நார்களோ 232 நாள் கழிந்த பின்னும் இழுபட்டபடியே இருந்தன. 232 நாள் என்றால் ஏழரை மாதம். திருப்பிய பல்லை, அவ்வளவு காலம் கழித்தும், ஏதோ ஒன்று பழைய திசைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது எரிச்சல் தரவில்லை. 30 வருடம் ஓர் இடத்தில் நின்ற பல்லை அந்த ஈறு அவ்வளவு எளிதில் மறந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

இதைவிடக் கடுமையான செய்தி வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ராபர்ட் லிட்டிலும் அவருடன் இருந்தவர்களும், பல் எடுத்துக் கிளிப் போட்டு முடித்தவர்களைப் பல ஆண்டு கழித்துக் கூப்பிட்டு அளந்தார்கள். கிளிப்புக்குப் பின் பல்லைப் பிடித்து நிறுத்த மாட்டும் தட்டைக் கழற்றிப் பத்து வருடத்துக்குப் பின், கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு என்று 1981இல் எழுதினார்கள். இன்னொரு பத்து வருடம் கழித்துப் பார்த்தவர்களில் 10 சதவீதம்தான் என்று 1988இல் எழுதினார்கள். மருத்துவர்கள் தங்கள் துறையின் வேலையைத் தாங்களே திரும்பப் போய் அளந்து, இவ்வளவு தோற்றிருக்கிறது என்று அச்சில் போட்டது பெரிய நேர்மை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ்ப்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன. தாடை சும்மா இருக்கும் பொருள் அல்ல. ஆகவே ‘கிளிப் எடுத்தாச்சு, முடிஞ்சது’ என்ற பேச்சு தவறு. முடிந்தது கட்டும் வேலை. காவல் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். அதற்குத் தமிழில் சொல் இல்லாததால்தான் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை என்பது என் சந்தேகம். ‘ரிடெய்னர்’ என்று டாக்டர் சொல்கிறார், வீட்டில் அது ‘அந்த பிளாஸ்டிக்’ ஆகிவிடுகிறது. ‘அந்த பிளாஸ்டிக்’கை எவர் மதிப்பார்? நான் அதைக் காவல்தட்டு என்று அழைக்கிறேன். வேறு நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

என் கீழ்ப்பற்களின் உள்பக்கம், ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல்வரை, முறுக்கிய மெல்லிய கம்பி ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாது, நாக்குக்கு மட்டும் தெரியும். மேலே கழற்றி மாட்டும் தட்டு: அண்ணத்தில் பதியும் அக்ரிலிக், முன்னால் ஓடும் ஒற்றைக் கம்பி. இந்த வடிவத்தைச் சார்லஸ் ஹாலி நூறு வருடத்துக்கு முன் அமைத்தார். தட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். முதல் ஆறு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர எப்போதும். பிறகு இரவில். எதுவரை என்று கேட்டேன். “பல் இருக்கிறவரை மேடம்” என்றார் டாக்டர். சிரிக்கவில்லை அவர்.

தட்டு மாட்டிய முதல் மணி நேரத்தில் என் தமிழ் போய்விட்டது. இது மைசூரில் நடந்ததற்கு ஒரு பொருத்தம் உண்டு. இங்கே மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இருக்கின்றன. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2006இல் தொடங்கி 2008இல் சென்னைக்குப் போகும்வரை இருந்ததும் இந்த நடுவண் நிறுவனத்தில்தான். ஒலி எங்கே பிறக்கிறது என்று கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த ஊரில் நிறைய. ஆனால் எனக்குப் பதில் சொன்னது தொல்காப்பியம். அதன் பிறப்பியல், எழுத்துப் பிறக்கத் துணை நிற்கும் இடங்கள் எட்டு என்கிறது. அதில் பல்லும் ஒன்று. தகரமும் நகரமும் பிறக்கும் இடத்தை அது சொல்வதைப் படித்துவிட்டு என் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அண்ணத்தை ஒட்டிய மேற்பல்லின் அடி. அங்கே நாக்கின் நுனி பரந்து ஒற்ற வேண்டும். சரியாக அந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு அக்ரிலிக். லகரத்துக்கும் அதே பக்கம்தான் வேலை. பல்லின் துணை வேண்டுபவற்றில் வகரம் மட்டும் தப்பித்தது, மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தால் அதற்குப் போதும். நான் ‘தாத்தா’, ‘நன்றி’, ‘தித்திப்பு’ என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பழகினேன். ஒன்பதாம் நாள் நாக்கு புதிய சுவரைத் தன் சுவராக ஏற்றுக்கொண்டது. முத்துபோலப் பல் வேண்டும் என்று கேட்டவளுக்குப் பல் என்பது பேச்சின் உறுப்பு என்று நினைவுக்கு வந்தது. பல் போனால் சொல் போச்சு என்பது பொக்கை வாய்க்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல.

தட்டைத் தொலைப்பது எப்படி என்பதையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் தொலையும் வழி வேறு. மேல்நாட்டில் பேப்பர் நாப்கினில் சுற்றி வைத்து எறிந்துவிடுவார்களாம். நமக்கு வாழை இலை. கல்யாணப் பந்தியில் சாப்பிட உட்காருகிறோம், தட்டைக் கழற்றி இலையின் ஓரத்தில் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைக்கிறோம், பாயசம் வருகிறது, இலையை மடிக்கிறோம். அவ்வளவுதான். அதனால் டப்பா எப்போதும் மடியில் அல்லது பையில். சுடுதண்ணீரில் கழுவக் கூடாது, நெளிந்துவிடும். நெளிந்த தட்டு பல்லையும் கூடவே நெளிக்கும்.

26 மாதம் விலக்கி வைத்ததையெல்லாம் ஒரே நாளில் மீட்டுவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய வாரம் பல் லேசாக ஆடும். அது இயல்பு, படுக்கை இன்னும் இறுகவில்லை. கரும்பும் கோடுபளை முறுக்கும் காத்திருக்கட்டும். நான் நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்தில் தொடங்கினேன். மூன்றாம் நாள் சாமுண்டி மலைப் படிக்கட்டில் ஏறி, நந்திக்குப் பக்கத்தில் சுருமுரி வாங்கித் தின்றேன். பொரி, மசாலா, வெங்காயம், கொத்தமல்லி. கிளிப் இருந்தபோது ஒரு கொத்தமல்லி இலை கம்பியில் சிக்கினால் வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். அன்று படியில் உட்கார்ந்து, முழுப் பொட்டலத்தையும் தின்று, எதிரே வந்த தெரியாத குடும்பம் ஒன்று வழி கேட்டதும் பல் தெரியச் சிரித்துப் பதில் சொன்னேன். கை மடியிலேயே இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய மீட்பு, முன்பல்லால் கடிப்பது. கிளிப் போட்டவர் எதையும் கடிப்பதில்லை, வெட்டுகிறார். கொய்யா, ஆப்பிள், தோசைகூடக் கத்தியாலும் கையாலும் துண்டாகிக் கடைவாய்க்குப் போகும். எனக்கு அதற்கு முன்பும் முன்பல் சரியாகப் பொருந்தியதில்லை. ஆக, நான் எதையும் முன்பல்லால் நேராகக் கடித்ததே கிடையாது.

நான்காம் நாள் அம்மா வந்தாள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாம்ராஜ்நகர் வழியாக, பஸ்ஸில். வாசலிலேயே என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பல்லுக்கொழுக்கட்டை பற்றி முன்னொரு நாள் போனில் சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி எனக்குச் சொன்னது. அன்று மாலை சமையலறையில் அரிசி மாவு பிசையும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், உள்ளங்கை அளவுக் கொழுக்கட்டைகளின் விளிம்பில் தேங்காயைச் சொட்டாக நறுக்கி வரிசையாகக் குத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் நேராக இருந்தன, ஒன்றைத் தவிர. அதில் இரண்டாவது சொட்டு சற்று உள்ளே திரும்பி, பக்கத்துச் சொட்டின்மேல் ஏறி நின்றது.

“இது ஏம்மா கோணலா இருக்கு?”

“அது உன்னுது கண்ணு. எனக்குத் தெரிஞ்சது அந்தப் பல்லுதானே.”

ஆவி பறக்க எடுத்து வைத்தாள். நான் தட்டைக் கழற்றி, குளிர்ந்த நீரில் கழுவி, டப்பாவில் வைத்து மூடினேன். பிறகு அந்தக் கோணல் சொட்டு இருந்த கொழுக்கட்டையை எடுத்து முன்பல்லால் கடித்தேன்.